ஏழாம் நம்பர் மலையும் நான் எழுதிய பலகையும்

ஊவா மாகாணத்துக்குப் பயணம் போகிறவர்கள் பெரும்பாலும் எல்ல நகரில் இறங்கி, பாலத்தையும் ரயிலையும் படம் பிடித்து, மறுநாளே திரும்பிவிடுகிறார்கள். போன மாதம் நான் எல்லயில் இறங்கவில்லை. பதுளை, பசறை வழியாக லுணுகலைக்குப் போனேன். போக வர நாலு நாள். போனது ஒரு பலகையைப் பார்க்க. அதில் உள்ள தமிழ் நான் எழுதியது.

கொஞ்சம் விளக்க வேண்டும். நான் கொழும்பில் ஒரு திணைக்களத்தில் மொழிபெயர்ப்பாளர். லுணுகலைப் பக்கம் காட்டுயிர்ப் புகலிடம் ஒன்று இருக்கிறது. கைவிட்ட தேயிலைக் காணியைக் குத்தகைக்கு எடுத்து, தொண்டு நிறுவனமாகப் பதிந்து நடத்துகிறார்கள். காயப்பட்ட விலங்குகளை வைத்துப் பார்ப்பதோடு, சுற்றியுள்ள தோட்டங்களில் காட்டுப்பன்றிக்கு வைக்கிற சுருக்குக் கம்பிகளைத் தேடி அகற்றுவதும் அவர்கள் வேலை. அந்தக் கம்பிகளில் பன்றியை விடச் சிறுத்தைகள்தான் மோசமாக மாட்டுகின்றன. நாலு வருடமாக அவர்களுடைய செய்திமடலை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிக் கொடுக்கிறேன். சம்பளம் இல்லை. கேட்கவும் இல்லை.

போன வருடம் ஒரு சிறுத்தையை உயிரோடு மீட்டார்கள். அந்த உற்சாகத்தில் பார்வையாளர் மண்டபம் ஒன்று கட்டினார்கள். ஒரு சுவர் முழுக்க, அகற்றிய கம்பிகளைத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றின் கீழும் ஒரு சிறு பலகை வைப்பது திட்டம். பலகைகளின் வரைவு என்னிடம் வந்தது. வாசலில் தலைவர், போசகர், செயலாளர், வெளிநாட்டு நண்பர்கள் என்று ஒன்பது பேரின் பெரிய படங்கள், பெயர், பட்டம் எல்லாம். கம்பிகளின் கீழே ஆங்கிலத்தில் மட்டும், 'ஒரு தோட்டத் தொழிலாளி கண்டது' என்று ஒரு வரி.

எனக்குக் கோபம் வந்தது. கொழும்பில் உட்கார்ந்து கையெழுத்து வைக்கிறவருக்குப் பெயர் உண்டு, மழையில் நின்று கம்பியைக் கண்டவளுக்கு இல்லையா? அவளுடைய மொழியில் ஒரு வரி கூட இல்லையா? இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். மூன்று மொழியும் வேண்டும், கண்டவரின் முழுப் பெயர் வேண்டும் என்று. நிர்வாகக் குழு ஒரே கூட்டத்தில் ஏற்றுக்கொண்டு, பெயரும் இடமும் புகழ்ச்சியும் சேர்த்த புது ஆங்கில வரைவை அனுப்பியது, நான் தமிழாக்கினேன். அவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொண்டபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

அங்கே ரவி என்று ஒரு கள அலுவலர் இருக்கிறார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், முப்பது வயதிருக்கும். அவர் அப்போது வட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினார்: "மிஸ், கம்பி கண்டவங்க பேர மட்டும் போடாம விட்டா நல்லம்." பதிலுக்கு நான் ஆறு பந்தி எழுதினேன். உழைக்கும் பெண்களின் பெயரை மறைப்பது நம் சமூகத்தின் பழைய நோய் என்ற வசனம் அதில் இருந்தது. அவர் ஒரு கட்டைவிரல் படம் போட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். மண்டபம் ஜனவரியில் திறக்கப்பட்டது. போன மாதம் திரும்பவும் ஒரு வரி: "முடிஞ்சா ஒரு தடவ வந்து பாருங்க மிஸ்." காரணம் கேட்டேன். பதில் இல்லை. விடுமுறை போட்டேன்.

படிக்கிறவர்களுக்கு ஒரு சொல். இதில் வரும் பெயர் ஒன்றும் உண்மைப் பெயர் அல்ல. மலையின் எண்ணும் (தோட்டத்தில் தேயிலைக் காணிகளை மலை என்று எண்ணிட்டுத்தான் அழைப்பார்கள்) வேறு. வழக்கமாகத் தூரத்தைச் சந்தி சந்தியாக எழுதுகிறவள் நான்; கடைசித் துண்டுக்கு மட்டும் இம்முறை எழுதவில்லை.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குப் புறக்கோட்டையிலிருந்து 99ஆம் இலக்க பஸ். பதுளை வரை ஏறத்தாழ 230 கிலோமீற்றர், டிக்கட் 1,140 ரூபாய். இரத்தினபுரியில் ஒரு நிறுத்தம், பலாங்கொடையில் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம். பெரகலைச் சந்திக்கு மேலே வலப்பக்க ஜன்னல்தான் பள்ளத்தைப் பார்க்கும், வாந்தி வருகிறவர்கள் இடப்பக்கம் உட்காரலாம். பதுளையில் இறங்கும்போது மணி 2.50. அன்றிரவு பஸ் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு விடுதியில் தங்கினேன். காலைச் சாப்பாட்டோடு 5,500. சுடுதண்ணீர் வந்தது, ஆனால் கேட்ட பிறகு.

வெள்ளி காலை 7.10க்கு லுணுகலை பஸ். 38 கிலோமீற்றர், ஒரு மணி நாற்பது நிமிடம், 190 ரூபாய். பசறைக்குப் பிறகு பாதை நெளிகிறது, பார்க்க அழகுதான். வழியெல்லாம் தோட்டத்துப் பெண்கள் ஏறி இறங்கினார்கள். தொழிலாளர் வரிசை வீடான லயம் ஒன்றின் வாசலில் கல்யாண வீட்டுக் கொட்டகை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஐம்பது பேர் ஒரே கயிற்றை இழுப்பதுபோல எனக்குத் தெரிந்தது. தோட்டத்தில் எந்த வேலையையும் ஆள் சேர்ந்துதான் செய்வார்கள் என்று அப்போது சாதாரணமாக நினைத்துக்கொண்டேன்.

லுணுகலையில் ஓட்டோக்காரர் 1,200 கேட்டார், பேரம் பேசவில்லை.

"புலி ஆஸ்பத்திரிக்குங்களா?" என்றார். அந்தப் பெயர் எனக்குப் புதிது. அப்படித்தான் ஊரில் சொல்வார்களாம். "அங்க புலிக்கு ஊசி போட டொக்டரே இருக்காரு. எங்க தோட்டத்து டிஸ்பென்சரி பூட்டிக் கெடக்கு. அடுத்த பொறப்புல முள்ளம்பன்னியா பொறந்து அங்க போய் சேந்துரலாம்னு இருக்கேன்."

கம்பிச் சுவரைப் பார்த்திருக்கிறாரா என்று கேட்டேன். கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார்.

"எங்க ஆளுங்க வச்ச கம்பிய எங்களுக்கே டிக்கட் போட்டுக் காட்டுறாங்க. நீங்க போய்ப் பாருங்க."

அதோடு ரேடியோவைக் கூட்டினார்.

புகலிடத்தின் தலைவரை டொக்டர் என்று மட்டும் சொல்கிறேன். ஓய்வுபெற்ற மிருக வைத்தியர், யாழ்ப்பாணத்தார், பதுளையில் முப்பது வருடம் அரச சேவை. என் பெற்றோரும் யாழ்ப்பாணம் என்பதால் என்னைத் தங்கச்சி என்பார். அவரைப் பற்றி நியாயமாக எழுத வேண்டும். எழுபத்து மூன்று வயதில் காலை ஐந்து மணிக்கு எழுந்து கூடு கழுவுகிறார். முன்னங்கால் போன மீன்பிடிப் பூனை ஒன்று அவர் கையைத் தவிர வேறு கையில் சாப்பிடாது. நான் போனபோது எறும்பு தின்னும் ஒரு அழுங்கின் வயிற்றில் போட்ட தையலைத் தன் கண்ணாடியைக் கழற்றி, மூக்கு முட்ட வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கவனத்தில் பாதி மனிதர்களுக்குக் கிடைத்திருந்தால் இந்தப் பதிவு இருந்திருக்காது.

மண்டபத்துக்குள் ரவிதான் கூட்டிப் போனார். வாசலில் ஒன்பது படங்கள். ஆதரவாளர் பட்டியலில் பதினேழாவதாக என் பெயர், 'மொழிபெயர்ப்பு' என்று. தேடிப் பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை. பிறகு சுவர். நாற்பதுக்கு மேல் கம்பிகள். பெரும்பாலானவை மோட்டார் சைக்கிள் கிளச் வயர்கள், துருப்பிடித்துச் சுருண்டவை. நடுவில், தனி விளக்கின் கீழே, சிறுத்தை மாட்டிய கம்பி. அதன் கீழே என் தமிழ்:

'சிறுத்தை மீட்கப்பட்ட கம்பி. இடம்: ஏழாம் நம்பர் மலை, ஓடைக்கரை. கண்டவர்: பெ. தவமணி, கொழுந்து பறிப்பவர். காட்டுயிர்கள் மீது கொண்ட அன்பினால் அவற்றின் காவலர் ஆனார்.'

முதலில் நான் பார்த்தது எழுத்துப் பிழை இருக்கிறதா என்றுதான். இல்லை.

ரவி பக்கத்தில் நின்றார். நான் கேட்காமல் சொல்ல மாட்டார் என்று தெரிந்தது, கேட்டேன். அவர் சொன்னதை ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

தவமணி ஒரு வருடத்தில் பதினொரு கம்பிகள் காட்டிக் கொடுத்தவர். தானே அவற்றைத் தொட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை லுணுகலைச் சந்தையில் மரக்கறி வாங்கும்போது, ரவி பக்கத்தில் நின்று கோவாவின் இலையைப் புரட்டிப் பார்ப்பார். தவமணி கடைக்காரரிடம் விலை கேட்கிற குரலிலேயே, 'ஏழு, ஓடைக்கரை, மூணாவது வாகை' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். இரண்டு மூன்று நாள் கழித்து, வேறு எதற்கோ வந்ததுபோல வந்து ரவி கம்பியை எடுப்பார். பெயர் வெளியே வராது என்பதுதான் அந்த வேலை. அதைத் தவிர அந்த வேலையில் வேறொன்றும் இல்லை.

சிறுத்தை மாட்டிய கம்பியும் தவமணி சொன்னதுதான். ரவி போவதற்குள் சிறுத்தை மாட்டிவிட்டது, உயிரோடு எடுத்தார்கள். நாலு நாளில் அதிகாரிகள் வீடு வீடாகத் தேடி, கம்பியின் மிச்சத் துண்டு இருந்த வீட்டு ஆளைப் பிடித்தார்கள். பதுளைச் சிறையில் பதினான்கு நாள் விளக்கமறியல், பிணை, வழக்கு இன்னும் நடக்கிறது. அந்த ஆளின் மனைவி ராஜேஸ்வரி. தவமணிக்கு அடுத்த நிரையில் கொழுந்து எடுப்பவர். யார் சொன்னது என்று அப்போது யாருக்கும் தெரியாது. மண்டபத் திறப்பு விழாவுக்குத் தோட்டத்தாரை அழைத்துச் சாப்பாட்டுப் பார்சல் கொடுத்தார்கள். எல்லோரும் சுவரைச் சுற்றிப் பார்த்தார்கள். தமிழில் இருந்ததால் எல்லோரும் வாசித்தார்கள்.

"ஆள் யாருன்னு தவமணியக்கா ஒரு நாளும் சொல்லலைங்க," என்றார் ரவி. "கம்பி எங்க இருக்குன்னு மட்டுந்தான். ஆனா பலகையில பேரும் மலையும் சேந்து இருக்கு. வாசிக்கிறவங்க மிச்சத்த சேத்துக்கிட்டாங்க."

ஏன் எனக்கு முழுதாக எழுதவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எழுதினேனே மிஸ்."

மத்தியானம் டொக்டரோடு சாப்பாடு. சோறு, பருப்பு, போஞ்சி, கருவாடு. தொண்டர் அறையில் தங்குகிறவர்களுக்கு மூன்று வேளையும் சேர்த்து நாளுக்கு 3,000. பலகையை இன்றைக்கே கழற்றிவிடலாம் என்றேன். டொக்டர் பருப்பை என் பக்கம் தள்ளினார்.

"தங்கச்சி, நீங்கள் சொல்லித்தானே போட்டனாங்கள். இப்ப நீங்களே கழட்டச் சொல்லுறியள். அதெல்லாம் கமிட்டியில வைச்சுத்தான் செய்யலாம்."

அந்தப் பெண்ணின் நிலைமை தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். அது லயத்துக்குள்ளே நடக்கிற சண்டை, இரண்டு மாதத்தில் தானாக அடங்கும், தான் முப்பது வருடமாகப் பார்க்காததா என்றார். ஏழு மாதம் ஆகிவிட்டது என்று ரவி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். டொக்டர் கருவாட்டு முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தார். பிறகு உண்மையான அக்கறையோடுதான் கேட்டார், வேண்டுமானால் தவமணியை இங்கே கூடு கழுவ எடுக்கலாமே என்று.

தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்தால்தான் லயத்து அறை. இங்கே வந்தால் அறை போகும். இதை ரவிதான் சொன்னார். முப்பது வருடம் பார்த்தவர், "ஓ, அப்பிடியே?" என்றார்.

தவமணியைப் பார்க்க லயத்துக்குப் போக ரவி சம்மதிக்கவில்லை. வெளியாள் வந்தால் இன்னொரு பேச்சு. அன்று மாலை ஐந்தரைக்கு லுணுகலையில் ஒரு தேத்தண்ணிக் கடையின் பின்பக்க மேசையில் சந்தித்தோம். தவமணிக்கு நாற்பது, நாற்பத்திரண்டு இருக்கும். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். சாமான் பையை மடியில் வைத்துக்கொண்டு, கதவைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்தார். என்னைக் கொழும்பிலிருந்து வந்தவர் என்று மட்டும் ரவி அறிமுகப்படுத்தினார்.

"புலி மேல ஆசப்பட்டு சொன்னேன்னு எழுதியிருக்காமே," என்றார் தவமணி. "எனக்குப் புலின்னாலே ஒதறும். என் கால் மாட்டுச்சுங்க மிஸ், அதான்."

சேலையைக் கொஞ்சம் உயர்த்திக் கணுக்காலைக் காட்டினார். வளையம்போலச் சுற்றிவர ஒரு தழும்பு. இரண்டு வருடத்துக்கு முன் மழை நேரத்தில் நிரைக்குள் காலை வைக்கும்போது கம்பி இழுத்துவிட்டது. அசைய அசைய இறுகியது. அன்றைக்கு யாரிடமோ கத்தி வாங்கிவந்து, மண்ணில் படுத்துக்கொண்டு, கம்பி கட்டியிருந்த முளையை வெட்டிச் சுருக்கை இளக்கிவிட்டது ராஜேஸ்வரிதான். இன்னொருத்தியின் கால் மாட்டக் கூடாது என்று, அதற்குப் பிறகுதான் தவமணி ரவியிடம் சொல்லத் தொடங்கினார். என் பலகையில் இதில் ஒன்றும் இல்லை. எனக்கு வந்த ஆங்கிலத்திலும் இல்லை. யாரும் அவரிடம் கேட்கவில்லை, நானும்தான்.

திறப்பு விழாவுக்குத் தவமணி போகவில்லை. மறுநாள் மலையில்தான் தெரிந்துகொண்டார். இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கொழுந்து ஒரு நாளைக்கு மூன்று தடவை நிறுக்கிறார்கள்: காலை பத்துக்கு, பன்னிரண்டுக்கு, பிறகு மாலை. ஒவ்வொரு தடவையும் சாக்கை நிறுக்கும் இடத்துக்குத் தலையில் சுமந்து போக வேண்டும். மழைக் கொழுந்து நிறைந்த சாக்கைத் தனி ஆளாகத் தலைக்கு ஏற்ற முடியாது. பக்கத்து நிரைக்காரி தூக்கிவிடுவாள். அவளுக்கு இவள். யாரும் கேட்பதும் இல்லை, நன்றி சொல்வதும் இல்லை.

"சாக்கு நெறஞ்சு நிக்கிறேன், அவ வருவான்னு. பதினஞ்சு வருசமா அவதான் எனக்குத் தூக்கிவிடுவா. வந்தா. பாத்தா. போயிட்டா. பின்னாடி வந்தவளும் போயிட்டா. அதுக்குப் பொறவு வந்தவ சாக்கச் சுத்திக்கிட்டுப் போனா. அப்பத்தான் மிஸ், என்னமோ ஆயிருச்சுன்னு வெளங்குச்சு."

இப்போது என்ன செய்கிறார் என்று கேட்டேன். இழுத்துப் பார்த்தாராம், கொழுந்து கசங்கிப்போகிறது என்று நிறுக்கிறவர் கழித்துவிட்டார். ஆகவே பாதிச் சாக்காக இரண்டு நடை. அந்த நேரத்தில் மற்றவர்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பதினெட்டுக் கிலோ எடுத்தால்தான் முழு நாள் சம்பளம். வாரத்தில் மூன்று நாளாவது அது வருவதில்லை, அரை நாள்தான் விழுகிறது. இப்படியே போனால் ஆள் தேவையில்லை என்பார்கள். பிறகு அறை.

கங்காணி தூக்கிவிட மாட்டாரா?

"ஒருநா தூக்கிவிட்டாருங்க. அதுக்கும் ஒரு கத கட்டிட்டாளுங்க. அந்தாளு இப்ப என் பக்கமே வாறதில்ல."

சிரித்தார். ரவியும் சிரித்தார். பிறகு தவமணி தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு, யாரோ கொழும்பு மிஸ்தான் பேர் போடணும்னு ஒத்தக் காலில் நின்றாங்களாம், அவங்களுக்கு என்னை முன்னே பின்னே தெரியுமா என்று ரவியிடம் கேட்டார். ரவி மேசையைப் பார்த்தார்.

"நான்தான்," என்றேன்.

தவமணி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இதை வேறு மாதிரி எழுதியிருப்பேன். சாமான் பையை மடியில் நேராக வைத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க," என்றார். "எல்லாருக்கும் வெளங்குச்சு."

என்ன செய்தால் உதவியாக இருக்கும் என்று கேட்டேன். பலகையை எடுத்தால் எடுக்கலாம், எடுத்தாலும் வாசித்தவர்கள் வாசித்தவர்கள்தான் என்றார். ராஜேஸ்வரியிடம் நான் போய்ப் பேசட்டுமா என்றதற்குச் சட்டென்று கையை உயர்த்தினார். "ஒண்ணும் செய்யாதீங்க மிஸ். நீங்க ஒண்ணும் செய்யாம இருந்தாலே போதும்." பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். எழுதலாமா என்று கேட்டேன். பேரும் மலையும் இல்லாமல் எழுதச் சொன்னார்.

ஒன்றும் செய்யாதீர்கள் என்று ஒருவர் நேராகச் சொன்ன பிறகு அதைக் கேட்பது அவ்வளவு கஷ்டமா? எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

அன்றிரவு தொண்டர் அறையில்தான் தங்கினேன். சனிக்கிழமை பகல் பதினொன்றே முக்காலுக்கு அதே ஓட்டோ புகலிடத்துக்கு வந்தது. திரும்பும் பாதை ஏழாம் நம்பர் மலையின் அடியால் போகிறது. முந்தின நாள் எனக்கு அது தெரியாது. பன்னிரண்டு மணி எடைக்குப் பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். இருபது பேர் இருக்கும். ஒருத்தியின் சாக்கை ஒருத்தி தூக்கிவிட, அவள் குனிந்து வாங்கித் தலையில் வைத்து நடக்க, அடுத்தவள். யாரும் யாரையும் பார்க்காமலே நடந்தது. நிரையின் முனையில் தவமணி தனியாக நின்றார். சாக்கு முழுதாக நிறைந்திருந்தது. காலை மழை, கொழுந்து கனம். பாதியைக் கொட்டி வைக்க, இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்துத் தரையில் விரித்துக்கொண்டிருந்தார்.

ஓட்டோவை நிறுத்தச் சொன்னேன். "வேணாங்க," என்றார் ஓட்டோக்காரர். இறங்கிவிட்டேன்.

மேட்டில் ஏற எனக்கு மூன்று நிமிடம் ஆனது. அதற்குள் இருபது பேரும் என்னைப் பார்த்துவிட்டார்கள். தவமணியும் பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது நன்றி இல்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்தது. ஆனாலும் குனிந்து சாக்கின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். வழுக்கியது.

"இடுப்பக் குடுத்துத் தூக்குங்க," என்றார் மெல்லிய குரலில். "சீக்கிரம்."

இரண்டாவது தடவை ஏறியது. என் தோளில் தண்ணீர் வழிந்தது. தவமணி சாக்கைச் சரி செய்துகொண்டு, என் பக்கம் திரும்பாமல் இறங்கி நடந்தார். பாதையில் நின்ற பெண்கள் வழி விட்டார்கள். அதில் உயரமான ஒருத்தி, சிவப்புத் துணி தலையில் கட்டியிருந்தவர், போகாமல் நின்றார். அதுதான் ராஜேஸ்வரி என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"திங்கக்கெழமையும் வருவீங்களா மிஸ்?" என்றார்.

கத்தவில்லை. கேலியாகக் கூடச் சொல்லவில்லை, ஒரு தகவல் கேட்கிற மாதிரித்தான். பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். ராஜேஸ்வரி சிரிக்கவில்லை. தன் சாக்கைக் காட்டிக் குனிந்தார், பக்கத்தில் இருந்தவள் தூக்கிவிட்டாள், போனார்.

ஓட்டோவில் ஏறியதும் என் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தேன். லுணுகலை வரை ஓட்டோக்காரர் ஒரு பகிடியும் விடவில்லை. 1,200 கொடுத்தேன். மீதி இருநூறை என்னை வைத்திருக்கச் சொல்லி ஆயிரம் மட்டும் எடுத்துக்கொண்டார். அது ஏன் என்று இன்னும் தெரியவில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பதுளைக்கு அப்பால் பணம் எடுக்கும் இயந்திரங்களை நம்ப வேண்டாம், கையில் வைத்துக்கொள்ளுங்கள். அட்டைக்குச் சவர்க்காரத்தைக் காலில் தேய்த்துக்கொண்டால் போதும். இரவில் குளிரும், ஒரு தடித்த மேற்சட்டை அவசியம். லுணுகலையிலிருந்து பதுளைக்கு மத்தியானம் 1.15க்கு ஒரு பஸ் இருக்கிறது, அதை விட்டால் மூன்றுக்கு மேல்தான். புகலிடம் திங்கட்கிழமை மூடியிருக்கும், நுழைவு பெரியவர்களுக்கு 300. மீன்பிடிப் பூனையை டொக்டர் ஊட்டும்போது பார்க்க வேண்டுமானால் காலை எட்டுக்கு முன் போங்கள். பார்க்க வேண்டிய காட்சிதான், சந்தேகமே இல்லை. அவர்கள் மருந்துக்கும் தீனிக்கும் கஷ்டப்படுகிறார்கள், முடிந்தவர்கள் கொடுங்கள். அதையும் மனதாரத்தான் எழுதுகிறேன்.

மலையில் கொழுந்து எடுப்பவர்களைப் படம் எடுத்துப் பெயர் கேட்டுப் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. மரியாதை என்று நினைத்துத்தான் செய்கிறோம். அந்தப் பெயர் அந்த மலையில் யாருடைய காதில் விழும், விழுந்தால் மறுநாள் காலை யாருக்கு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாது. பெயரைக் கேட்கும் முன் அதைக் கேளுங்கள். என் கடிதத்தில் நீதி, கண்ணியம், மொழியுரிமை எல்லாம் இருந்தன. தவமணியிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி மட்டும் இருக்கவில்லை.

நான் திரும்பிய பிறகு கமிட்டி கூடியது. பலகையைக் கழற்றிவிட்டார்கள், அந்த இடத்தில் நாலு ஆணித் துளை இருக்கிறதாம். ரவி படம் அனுப்பினார். மலையில் ஏதாவது மாறியதா என்று கேட்டேன். "இல்ல மிஸ். நீங்க வந்துட்டுப் போனதுக்குப் பொறவு பாதிச் சாக்கயும் ஆளுங்க பாத்துச் சிரிக்கிறாங்க," என்று எழுதினார். இம்முறை நான் கட்டைவிரல் படம் கூடப் போடவில்லை.

அந்தப் பயணத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைதான் கொழும்பு வந்து சேர்ந்தேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நான் அலுவலகத்தில், என் மேசையில் இருந்தேன். மலையில் முதல் எடை அந்த நேரத்துக்குத்தான்.